ஒரு கீபோர்டு, இரண்டு பிள்ளைகள்: லேப் எடுக்கப்போகும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

என்ஜினீயரிங் காலேஜ் லேபுக்குள் நுழைந்தாலே ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப்போகிறாய். ஒருவன் டைப் செய்துகொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன் போன வார புரோகிராமை அப்சர்வேஷன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருப்பான். அவுட்புட் வந்ததும் இருவரும் சேர்ந்து கை தூக்குவார்கள், நீ போய்க் கையெழுத்துப் போடுவாய். இதைப் பேர் புரோகிராமிங் என்று நினைத்துவிடாதே தங்கச்சி. இது கம்ப்யூட்டர் பற்றாக்குறை.

முதலாமாண்டுக்குப் பைதான் லேப் எடுக்கப்போகிறேன், பேர் புரோகிராமிங் செய்ய வைக்கலாமா அக்கா என்று கேட்டாய். தாராளமாகச் செய். ஆனால் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைக்க ஐந்து நிமிடம் போதும், சேர்ந்து யோசிக்க வைக்கத்தான் ஒரு செமஸ்டர் பிடிக்கும். லூப், ஃபங்ஷன் எல்லாம் எப்படிப் பாடமோ அப்படி இதுவும் ஒரு பாடம். சொல்லிக்கொடுக்காமல் தானாக வராது.

ஏற்பாடு எளிமையானது. ஒரு ஸ்கிரீன், ஒரு கீபோர்டு, ஒரு புரோகிராம். கீபோர்டு யார் கையில் இருக்கிறதோ அவர் டிரைவர். பக்கத்தில் இருப்பவர் நேவிகேட்டர். டிரைவருக்கு இப்போது எழுதுகிற வரிதான் கவலை. நேவிகேட்டர் கொஞ்சம் தள்ளி நின்று யோசிக்க வேண்டும்: கேள்வி என்ன கேட்டது, அடுத்து என்ன வர வேண்டும், எந்த இன்புட் கொடுத்தால் இது கவிழும். நம்மூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. ஆனாலும் அவர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. நேவிகேட்டர் அந்தக் கண்டக்டர்தான், ஜன்னலோரத்துப் பயணி இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

1999-இல் கென்ட் பெக் என்பவர், ஜோடியாக எழுதுவதையும் ஒரு விதியாக வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேலைமுறையைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது இதற்கு ஊர் முழுக்கப் பெயர் கிடைத்தது. பழக்கம் அதைவிடப் பழையது. 1946-இல் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டரை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய நாளுக்காக, குண்டு பறக்கும் பாதையைக் கணக்கிடும் புரோகிராமைத் தயார் செய்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரண்டு பெண்கள். ஒருவர் வேலையில் இன்னொருவர் தப்புக் கண்டுபிடிப்பார், அதுதான் அவர்கள் வேலை செய்த விதம். கோடிங் பசங்களுக்குத்தான் வரும் என்று உன் வகுப்பில் யாராவது சொன்னால் இந்தக் கதையை எடுத்துவிடு.

ஸ்டாஃப் ரூமில் வேறொரு கேள்வி வரும். "ஒருத்தன் செய்வான், இன்னொருத்தன் ஓசியில பாஸாவான், அப்படித்தானே மேடம்?" நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1999-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் நடத்திய ஆய்வில், ஜோடியாக எழுதிய மாணவர்களுக்கு மொத்த உழைப்பு நேரம் 15 சதவீத அளவுக்குக் கூடியது, பிழைகளும் அதே அளவுக்குக் குறைந்தன. உனக்கு இதைவிட முக்கியமானது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் சார்லி மெக்டவல், லிண்டா வெர்னர் குழுவினர் முதல் கோடிங் பாடத்தில் செய்த ஆய்வு. ஜோடியாகப் படித்தவர்களில் பாதியிலேயே பாடத்தை விட்டுப் போனவர்கள் குறைவு. தங்கள் புரோகிராம்மீது அவர்களுக்கு நம்பிக்கை அதிகம். அடுத்த பாடத்தில் தனியாக எழுத வேண்டி வந்தபோதும் அவர்கள் பின்தங்கவில்லை. பெண்களில் கம்ப்யூட்டர் சயின்ஸையே தொடர்ந்தவர்கள் கூடுதல். இந்த ஆய்வைப் பற்றி 2006-இல் வந்த கட்டுரையை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். மேலே இருப்பவர்கள் கேட்கும்போது கையில் இருக்கட்டும்.

முதல் நாள் ஒரு நாடகம்

முதல் லேபில் இதைப் பற்றி லெக்சர் எடுக்காதே. லேப் அசிஸ்டென்ட்டையோ பேட்ச் பார்க்க வரும் இன்னொரு மேடத்தையோ கூப்பிட்டு, புரொஜெக்டரில் இருவரும் ஒரு சின்ன புரோகிராமை எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். முதலில் தப்பாகச் செய்து காட்டுங்கள். நீ வாயே திறக்காமல் அடித்துக்கொண்டே போ. அவர் மொபைலைத் தடவட்டும், நடுவில் திடீரென்று கீபோர்டைப் பிடுங்கட்டும், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. பிறகு அதே புரோகிராமைச் சரியான முறையில் எழுதுங்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களையே கேள். சொல்வதை போர்டில் எழுது. அதுவே உன் லேபின் சட்டம். அவர்கள் சொல்லாமல் விட்டால் நீ சேர்க்க வேண்டியவை மூன்று. நேவிகேட்டரின் கை கீபோர்டுக்கும் மவுஸுக்கும் போகக் கூடாது. என்ன எழுதப்போகிறோம் என்று சொல்லாமல் டிரைவர் ஒரு வரியும் அடிக்கக் கூடாது. "இதுகூடத் தெரியாதா" என்ற பேச்சைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

பேசத் தெரிய வேண்டும்

இங்கேதான் நீ அதிக நேரம் செலவு செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடமாக வகுப்பில் பேசாதே என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். திடீரென்று பேசிக்கொண்டே எழுது என்றால் என்ன பேசுவது என்று தெரியாமல் முழிப்பார்கள். அதனால் பேச்சுக்கு ஒரு கைப்பிடி கொடு. நேவிகேட்டர் கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். அதில் நான்கு கேள்விகள்: இப்போ எந்த வேரியபிள்ல என்ன இருக்கு? இந்த லூப் எப்போ நிக்கும்? இன்புட் காலியா வந்தா? இதை ஏன் இப்படி எழுதுற?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு லிஸ்ட்டில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாமாண்டில் எல்லாரும் செய்வதுதான். பேச்சு சரியாக நடந்தால் இப்படிப் போகும்:

"சார்ட் பண்ணிட்டு கடைசிக்கு முன்னாடி இருக்கறத எடுத்தா முடிஞ்சுதுடி."

"சரி. 7, 3, 9, 9, 2 கொடுத்தா?"

"9... அய்யோ, திரும்பவும் 9 தானே வரும். 7 வரணும்."

"ஒரே நம்பர் ரெண்டு தடவ வராம பண்ணணும். செட்டா மாத்திடலாமா?"

"மாத்திட்டு சார்ட் பண்றேன். இப்போ சரியா?"

"லிஸ்ட்ல ஒரே ஒரு நம்பர்தான் இருக்குன்னு வை."

அங்கே டிரைவரின் கை நின்றுவிடும். ஓட்டிப் பார்த்தால் இண்டெக்ஸ் எரர் வரும். அப்புறம், ஒரே எண் இருந்தால் புரோகிராம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இருவரும் வாதாடுவார்கள். உன்னிடம் ஓடி வருவார்கள். "நீங்களே முடிவு பண்ணி, ஏன்னு சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பு. தனியாக உட்கார்ந்த மாணவி முதல் வரியோடு அவுட்புட் வந்துவிட்டது என்று கை தூக்கியிருப்பாள். வைவாவில் எக்ஸ்டெர்னல் அந்த 9-ஐக் கேட்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

எரர் வந்தால் உடனே கை தூக்கும் பழக்கத்தையும் இதிலேயே நிறுத்திவிடலாம். சிவப்பு எழுத்தில் எது வந்தாலும், நேவிகேட்டர் கடைசி வரியை முதலில் சத்தமாகப் படிக்க வேண்டும், பிறகு எந்த லைன் நம்பர் என்று சொல்ல வேண்டும். பைதான் என்ன கோளாறு என்பதைக் கடைசி வரியில்தான் சொல்லும். நேம் எரர், இண்டென்டேஷன் எரர் இரண்டும் முதல் மாதத்தில் அடிக்கடி வரும். வாய்விட்டுப் படித்தாலே பாதி அவிழ்ந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை விட்டுவிடாதே: தமிழிலேயே பேசட்டும். லேபில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சில கல்லூரிகளில் சட்டம் போடுவார்கள். பேர் புரோகிராமிங்கில் அந்தச் சட்டம் போட்டால் நேவிகேட்டர் ஊமையாகிவிடுவார். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண்ணுக்கு லாஜிக் தெரியும், அதைச் சொல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருப்பதற்குள் டிரைவர் நான்கு வரி தாண்டிப் போயிருப்பான். "இந்த லூப்பு ஒரு தடவ கூடுதலா ஓடுது பாரு" என்று அவள் சொன்னால் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை. வைவாவுக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால், முடித்தபின் ஐந்து நிமிடம் அதே ஜோடி அதே புரோகிராமை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் விளக்கட்டும். ஏற்கெனவே புரிந்ததைச் சொல்வதால் ஆங்கிலமும் சுலபமாக வரும்.

யாரோடு யார்

கெட்டிக்காரனையும் மெதுவாகக் கற்பவனையும் சேர்த்து உட்கார வைத்தால் அவன் இவனுக்குச் சொல்லிக்கொடுப்பான் என்று எல்லாரும் யோசனை சொல்வார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. இடைவெளி பெரிதாக இருந்தால் கெட்டிக்காரன் எழுதுவான், மற்றவன் தலையாட்டுவான். கொஞ்சம் முன்னே பின்னே இருப்பவர்களைச் சேர். இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்றால் பயப்படாதே, அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். அந்த ஜோடிப் பக்கம் நீ இன்னும் நாலு தடவை போய் வந்தால் சரி.

நண்பர்களை நிரந்தர ஜோடியாக விடாதே. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்று. ரோல் நம்பர் வரிசையில் உட்கார வைத்தால் உனக்கு வேலை மிச்சம், அவர்களுக்கு வருடம் முழுக்க அதே முகம். பையன்களையும் பெண்களையும் ஜோடி சேர்ப்பது உன் காலேஜின் வழக்கத்தையும் பிள்ளைகளின் விருப்பத்தையும் பொறுத்தது. பெண்கள் இருவராகச் சேர்ந்துகொள்கிறோம் என்றால் விட்டுவிடு. இதில் புரட்சி செய்யப் போய் அவர்கள் வாயை மூடிக்கொள்ள வைத்துவிடாதே. கற்க வந்தது கோடிங்.

ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒரு இடத்தில் மூன்று பேர். மூன்றாவது ஆள் பேப்பரில் டெஸ்ட் கேஸ் எழுதுவார், முறை வரும்போது டிரைவர் ஆவார். ஜோடி ஆள் வராவிட்டால் பத்து நிமிடம் பார், பிறகு வேறு ஜோடியோடு சேர்த்துவிடு. இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதே. ஒருத்தி ஹாஸ்டல், இன்னொருத்தி நாலு மணி காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். எங்கே சேர்ந்து உட்காருவார்கள்? ஒருத்தி செய்து மற்றவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எல்லாம் லேபுக்குள்ளேயே முடியட்டும்.

மணி அடித்தால் மாற வேண்டும்

"நீங்களே மாத்திக்கோங்க" என்று விட்டால் மாறவே மாட்டார்கள். போனில் டைமர் வை, 10 நிமிடம் அல்லது 15 நிமிடம். அடித்ததும் லேப் முழுக்கக் கீபோர்டு கைமாற வேண்டும், வரி பாதியில் இருந்தாலும் சரி. பாதியில் நிற்கும் வரியைப் புதிதாக வந்தவர் முடிக்க வேண்டும் என்றால் அதுவரை கவனித்திருக்க வேண்டுமே. தூங்கும் நேவிகேட்டர்களை எழுப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

டைப்பிங் மெதுவாக வரும் பிள்ளைகளை இங்கே காப்பாற்று. கோலன் எங்கே இருக்கிறது என்று தேடும் ஆளிடமிருந்து கீபோர்டை இழுக்கத்தான் ஜோடிக்குத் தோன்றும். அவருடைய பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வரிதான் வந்தது என்றாலும் அது அவருடைய பத்து நிமிடம். ஸ்கிரீன் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருக்கட்டும், எழுத்தைப் பெரிதாக்கச் சொல். கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கிறவர் சீக்கிரமே பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

கடினமான விதி உனக்குத்தான். நீயும் கீபோர்டைத் தொடக் கூடாது. குனிந்து இரண்டு வரி அடித்து "இதோ ஓடுது பாரு" என்று நகர்ந்துவிட்டால் அந்த ஜோடியில் மூன்றாவது டிரைவர் நீ. கை தூக்கினால் போய் நில், நேவிகேட்டரைக் கேள்: "இவங்க என்ன பண்ணிட்டு இருக்காங்க?" அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் பிரச்சினை புரோகிராமில் இல்லை. இருவரும் பேசிவிட்டுக் கூப்பிடச் சொல்லி நகர்ந்துவிடு. 30 பேர் பேட்சில் 30 இடத்துக்கு ஓட வேண்டியவள் 15 இடத்துக்குப் போனால் போதும். அங்கேயும் பாதிக் கேள்வி நீ போவதற்குள் தீர்ந்திருக்கும். உனக்குக் கிடைக்கும் லாபம் இது.

மார்க்கும் ஓசிப் பயணமும்

யூனிவர்சிட்டி பிராக்டிகலில் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும். அதனால் எல்லா லேபையும் ஜோடியாக நடத்தாதே. இரண்டு பயிற்சி ஜோடியாக, ஒன்று தனியாக என்று வைத்துக்கொள். ஜோடி லேபின் கடைசிப் பத்து நிமிடத்தில் அன்றைய புரோகிராமில் ஒரு சின்ன மாற்றத்தைக் கொடுத்து ஒவ்வொருவரும் பேப்பரில் தனியாக எழுதட்டும். இரண்டாவது பெரிய எண் செய்தார்களா, இரண்டாவது சிறிய எண் கேள். கையெழுத்துப் போடும்போது இருவரில் யாரைக் கேட்பாய் என்று முன்கூட்டி சொல்லாதே. கேட்டவர் சொன்னால்தான் இருவருக்கும் கையெழுத்து. இரண்டே வாரத்தில் ஜோடிக்குள் சொல்லிக்கொடுப்பது தானாக ஆரம்பிக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு சீட்டில் ரகசியமாக எழுதி வாங்கு: ஜோடி நேரத்துக்கு வந்தாரா, பேசினாரா, உன்னைப் பேச விட்டாரா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகப் படி. ஓசியில் பயணம் செய்கிறவரைவிட யாரையும் பேசவிடாதவரால்தான் நிறைய ஜோடி கெடுகிறது. அவரைக் கூப்பிட்டுத் திட்டாதே. அடுத்த சில லேபுகளுக்கு நேவிகேட்டராக மட்டும் உட்கார வை. தன் யோசனை எதுவானாலும் அடுத்தவர் கை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகும் என்னும்போது பொறுமையாக விளக்கக் கற்றுக்கொள்வார்.

ஜோடி வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. புதிய சின்டாக்ஸை முதல் முறை பார்க்கும்போது தனியாகத் தொட்டுத் தடவட்டும். ஆட் பண்ணி அவுட்புட் பார்க்கும் இரண்டு வரி புரோகிராமுக்கு இரண்டு பேர் தேவையில்லை. கூட்டம், பேச்சு என்றாலே ஒடுங்கிப்போகும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும், அவர்களிடம் தனியாகப் பேசி வழி செய்.

ஏஐ இருக்கும்போது ஜோடி எதற்கு என்றும் கேட்பார்கள். 2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்தபோதே ஏஐ பேர் புரோகிராமர் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். வேலை தெரிந்தவர்களுக்கு அது உதவும். கற்கிற பிள்ளைக்கு அது நேரே விடையைக் கொடுத்துவிடும், "9 ரெண்டு தடவ வந்தா?" என்று தானாக நிறுத்திக் கேட்காது. ஜோடி லேபில் அதை மூடி வைக்கச் சொல். வெவ்வேறு ஊரில் இருந்து ஜோடியாக வேலை செய்ய வேண்டி வந்தால் விஎஸ் கோட் லைவ் ஷேர் போதும். ஆனால் போனிலாவது குரல் கேட்க வேண்டும், சாட்டில் எழுதிக்கொண்டு ஜோடி சேர முடியாது.

பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கும் பதில் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் அலுவலகம் உள்ள தாட்வொர்க்ஸில் பேர் புரோகிராமிங் அன்றாட வேலைமுறை, இன்டர்வியூவிலும் அதற்கு ஒரு சுற்று வரும். அங்கே ஆளெடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி யோசிக்கிறாய் என்று கேட்பார். மௌனமாக அடித்துப் பழகியவர்கள் அந்த இடத்தில் திணறிப்போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. உன் லேப் இனிமேல் சத்தமாக இருக்கும். கதவைத் தாண்டிப் போகிறவர்களுக்கு சந்தை மாதிரி கேட்கும். முதல் வாரமே எச்.ஓ.டி.யிடம் போய், நான் இப்படி நடத்தப்போகிறேன், சத்தம் வரும், ஒரு நாள் உள்ளே வந்து ஏதாவது ஒரு நேவிகேட்டரைக் கேள்வி கேட்டுப் பாருங்கள் மேடம் என்று சொல்லிவிட்டு ஆரம்பி.